சம்பந்தியின் கைத்தடிக்கு எடுத்த அச்சு

மதிப்பும் அன்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் வீட்டம்மாவும் நலம். அவ்விடம் எல்லோரும் நலம் என்று என் மகள் ஃபோனில் சொன்னாள். ஆனால், சர்வீஸ் முழுக்கக் கடை கடையாக ஏறி எடைக்கல்லுக்கு முத்திரை குத்திய ஆய்வாளன் நான். கல்லில் எடை குறைந்தால் கையில் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிடும் என்பது தாங்களும் அறிந்ததுதான், நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் சொன்ன "எல்லாரும் நல்லா இருக்கோம்பா" எடை குறைவாகத்தான் இருந்தது. துருவிக் கேட்டேன். "மாமா நாற்காலிய விட்டு எழுந்திருக்கறதே இல்லப்பா. புதுசா வாங்கின அலுமினியத் தடி கவர்கூடப் பிரிக்காம மூலையில நிக்குது. என் தடி வரட்டும், அப்புறம் நடக்கறேன்னு உட்கார்ந்திருக்கார். இப்படியே உட்கார்ந்தா கால் விழுந்துடும்னு டாக்டர் சத்தம் போடறார்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஃபோனில் பேசிவிடலாம் என்றால் உங்களுக்குப் பாதி காது கேட்காது, இந்த விஷயத்தில் எனக்கு நாக்கே எழாது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைத்தடி உயிரோடு இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன தடவை நீங்கள் இங்கே வந்துவிட்டுக் கிளம்பும்போது எங்கள் வாசற்படியில் தடி தவறி விழுந்து, பிடியில் இருக்கும் அன்னத்தின் மூக்கு விரிசல் விட்டதே, அந்த நேரத்தில் உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அந்தத் தடியின் வரலாற்றை நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய பிடி உடைந்து பித்தளை முளை மட்டும் மொட்டையாக நின்ற தடியை, என் வீட்டம்மா அண்ணி என்று கூப்பிடும் மறைந்த சம்பந்தியம்மா கையில் வாங்கி, குழாய் ஓட்டையை அடைக்கும் பசைமாவைப் பிசைந்து அந்த முளையைச் சுற்றி அப்பி, ஒரே மத்தியானத்தில் பிடி செய்து, கறுப்பு பெயின்ட்டும் லேசாக அடித்துக் கொடுத்தார்கள். "என்னம்மா இது, பறவையா?" என்று நீங்கள் கேட்டதற்கு, "பிடிச்சுப் பாருங்க, தெரியும்" என்று சிரித்தார்களாம். நீங்கள் பிடித்துப் பார்த்து, அன்னம் என்று தீர்மானித்து, நீங்களே இரண்டு பக்கமும் வெள்ளைக் கண் வைத்தீர்கள். சம்பந்தி, இன்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லும் நாள், அதனால் சொல்கிறேன். எனக்கு அது அன்னமாகத் தெரிந்ததே இல்லை. காம்பு உள்ள கத்தரிக்காய் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டம்மா அதைத் தலை குனிந்த காக்கா என்பாள். இருந்தாலும் நீங்கள், "அவ கை பட்டது சம்பந்தி, பார்த்து ஒட்டிக் குடுங்க" என்று என் கையில் தந்துவிட்டு, என் குடையை ஊன்றிக்கொண்டு டாக்ஸி ஏறினபோது, ஒரு பச்சைக் குழந்தையை வாங்கிக்கொண்ட மாதிரிதான் வாங்கிக்கொண்டேன்.

பசையைத் தொட்டு மூக்கை ஒட்டினால் முடிகிற வேலை. ஆனால் கை வைக்கப் பயமாக இருந்தது. ஒட்டும்போது இன்னும் உடைந்துவிட்டால்? உலகத்தில் இன்னொன்று கிடையாதே. அதனால் முதலில் அதற்கு ஓர் அச்சு எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு ஒட்டலாம் என்று யோசனை வந்தது. யாருக்கு வந்தது பாருங்கள். போலிக் கல்லையும் போலி முத்திரையையும் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவன் நான். அசல் அசல்தான், நகல் திருட்டுதான் என்று கடை வாசலில் நின்று கத்தியவன், நகல் எடுக்க வழி கேட்டு ஆணிக்கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர், "அது ஒண்ணுமில்ல சார், வாஷ்பேசின் ஓரத்துல அடைப்போமே, அந்த சிலிக்கான் ட்யூப்தான். பக்கெட்ல சோப்புத் தண்ணி நிறைய கரைச்சு, அதுக்குள்ள பிதுக்கி விட்டுப் பிசைஞ்சா மாவாட்டம் திரளும். எது மேல அப்பினாலும் அச்சு எடுத்துக்கும், காய்ஞ்சா ரப்பர். எத்தனை தடவை வேணும்னாலும் வார்க்கலாம். எதோடயும் ஒட்டாது, தன்னோட மட்டும்தான் ஒட்டும். அதனால ரெண்டு பாதியா எடுத்தீங்கன்னா நடுவுல வாசலின் தடவ மறந்துடாதீங்க" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசி வாக்கியத்துக்கும் ஆட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தால் நானே குட்ட வேண்டும் போல இருக்கிறது.

நேரே அன்னத்தில் கை வைக்காமல் பழகிப் பார்ப்போம் என்று, வீட்டில் இருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். பக்கெட்டில் பிதுக்கிப் பிசைந்தேன். சம்பந்தி, அந்தப் பசைக்கு ஒரு புளிச்ச வாடை உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீடு முழுக்க வினிகர் ஜாடி கவிழ்ந்த மாதிரி அடித்தது. வீட்டம்மா எழுந்து வந்து அடுக்களையில் இருந்த ஒவ்வொரு மூடியையும் திறந்து மோந்து பார்த்தாள். நிரபராதியான தயிர் குப்பைக்குப் போயிற்று. பிறகு ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுப் பின்னால் கழுவினாள். "எங்கயோ என்னவோ ஊசிப்போயிருக்குங்க" என்று அவள் வியர்க்க விறுவிறுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட்டை அமுக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் காய்ந்ததும் உரித்து, குழியில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகினதும் தட்டி எடுத்தேன். எடுத்தவன் அப்படியே கமோடின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட்டின் பெயர், ஓரத்துப் பல், நடுவில் குத்தின பொட்டுப் பொட்டான ஓட்டை, அதில் ஒரு பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு சர்க்கரைத் துகள், அத்தனையும் இருந்தது. அந்தச் சர்க்கரைத் துகளை நான் பார்க்கவே இல்லை, ரப்பர் பார்த்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தான், பூட்டுச் சாவி, தொட்டிச் செடியின் இலை, சுவரில் செத்து ஒட்டியிருந்த விட்டில்பூச்சி, எதையும் விடவில்லை. இலையின் நரம்பில் கிளை நரம்பு, அதில் இன்னொரு கிளை என்று போய்க்கொண்டே இருந்தது. என் கட்டைவிரலை அமுக்கி எடுத்து வார்த்துப் பார்த்தேன். இத்தனை காலமாக என்னோடே இருந்த விரல், அதில் சுழிசுழியாக இப்படி ஒரு வேலைப்பாடு இருக்கிறது என்று முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள். கலங்கின கண்ணோடு பிளாஸ்டர் பிஸ்கட்டைக் காயட்டும் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டில் வைத்தேன். அங்கேதான் வினை. வீட்டு ஓனர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விஷயமாக வந்தார். வீட்டம்மா டீயோடு அந்தத் தட்டையும் நீட்டினாள். மனிதர் மரியாதைக்காரர், கடித்தார். கடித்த சத்தம் குளியலறை வரைக்கும் கேட்டது. மரியாதை விடாமல், "கொஞ்சம் முறுகலா இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். தொட்டியைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

சரி, பழகினது போதும் என்று உங்கள் அன்னத்தை எடுத்தேன். பிடியின் பாதியைக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் பதித்து, மேல் பாதியில் ரப்பரை அப்பினேன். காய்ந்தது. திருப்பினேன், களிமண்ணை உரித்தேன், அன்னத்தின் மேல் பயபக்தியோடு வாசலின் தடவினேன். மூக்கு விரிசலுக்கு இரண்டு தரம் தடவினேன். பிறகு இரண்டாவது பாதி ரப்பரை அப்பினேன். முதல் பாதி ரப்பரின் விளிம்புக்குத் தடவினேனா என்று கேட்கிறீர்களா? தடவவில்லை. ரப்பருக்கும் ரப்பருக்கும் நடுவில் என்ன சண்டை வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன். சண்டை வரவில்லை சம்பந்தி, சமாதானம் ஆகிவிட்டது. காய்ந்ததும் பிரிக்கலாம் என்று கோட்டைத் தேடினேன், கோடே இல்லை. இரண்டு பாதியும் கட்டிப்பிடித்து ஒன்றாகிவிட்டன. உங்கள் தடியின் தலையில் ஒரு காலிஃபிளவர் அளவுக்கு வெள்ளை உருண்டை, அதற்குள் எங்கேயோ அன்னம். இழுத்தால் மூக்கு போய்விடும். வெட்டினால் எங்கே வெட்டுவது? மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாதபடி நான் தடியை எத்தனையோ முறை உருட்டிவிட்டிருந்தேன். உங்கள் வீட்டில் என் மகள் வாழ்கிறாள், நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசினதில்லை. நீங்கள் நம்பிக் கொடுத்த ஒரே பொருளை நான் இப்படி உயிரோடு சமாதி கட்டிவிட்டேனே என்று நினைத்தபோது, நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, மண்டை உடைஞ்சவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி? உள்ள யாரு?"

"அன்னம்."

"எந்த அன்னம்?"

நான் தடியின் கீழ்ப் பாதியைக் காட்டினேன். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வினிகர் வாடையின் மர்மமும் அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது, அதற்கு எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதினால் கடிதத்தின் மரியாதை கெடும். திட்டி முடித்ததும் எழுந்து போய்க் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன நர்ஸ் அவள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சமையல் மேடையில் சுத்தமான துண்டை விரித்தாள். தடியைப் படுக்கவைத்தாள்.

"லைட்டைத் தூக்கிப் பிடிங்க. பிளேடு. புது பிளேடுங்க, ஷேவ் பண்ணினது வேண்டாம். மூக்கு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்னு நினைக்கறேன்."

"நினைக்காதீங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"அப்பப் பேசாம நில்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு உருண்டையை விரல் நுனியால் மெல்ல அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ரப்பர் எங்கே மெத்தென்று போகிறது, எங்கே முட்டுகிறது என்று தொட்டே கண்டுபிடித்தாள். பிறகு பிளேடை வைத்தாள். நேராக வெட்டவில்லை, நெளிநெளியாக வெட்டினாள். "நேரா வெட்டினா மறுபடி சேர்க்கறப்ப வழுக்கும். நெளிச்சு வெட்டினா பல்லோட பல்லு உட்கார்ந்துக்கும்" என்றாள். அதாவது இந்த மூதேவி வேலையிலும் அச்சு வீணாகக் கூடாது என்று அவளுக்கு இருந்திருக்கிறது. அவளோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியும், அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை சம்பந்தி. ஒரு அரிசி அளவுகூட அந்தக் கை நடுங்கவில்லை. கடைசியில் உருண்டையை இரண்டு கட்டைவிரலாலும் விரித்தாள், கறுப்பாகப் பளபளவென்று உங்கள் அன்னம் வெளியே வந்தது. "தாயும் சேயும் நலம்" என்றாள். மூக்கு மட்டும் ரப்பருக்குள்ளேயே தங்கிவிட்டது, அதையும் இடுக்கியால் முழுசாக எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே ஒட்டியாயிற்று. ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரியாது. அது ஒன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். மெதுவாகப் படியுங்கள்.

அச்சைச் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டர் ஊற்றி, மறுநாள் காலை வெளிச்சத்தில் திறந்தோம். அன்னம் வெள்ளையாக வந்தது. கறுப்பாக இருந்தபோது ஒன்றும் தெரியாது, வழுவழுவென்று மினுங்கும், அவ்வளவுதான். வெள்ளையில் நிழல் விழுந்தது, எல்லாம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே ஒரு குழி இருக்கிறதே, அதற்குள் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக. உங்கள் விரல் பெரியது, அந்தக் குழிக்குள் முழுசாக இறங்கியிருக்காது, அதனால் தேயாமல் தப்பித்திருக்கிறது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. நான் அச்சில் விழுந்த மடிப்பு என்று நினைத்தேன். வீட்டம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அந்தக் கோட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

"இது மடிப்பு இல்லங்க. தழும்பு. நம்ம பொண்ணு கல்யாணத்தன்னிக்கு, தகர டப்பா மூடி கிழிச்சு அண்ணிக்குப் பெருவிரல்ல ரத்தம் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நான்தாங்க தையல் போட்டேன். இது நான் போட்ட தையல்."

அவள் அழுதாள். பிறகு ஏனோ தெரியவில்லை, அந்த வெள்ளைப் பிடியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். என் கை உங்கள் கை மாதிரி பெரிய கை, எனக்கு அது எப்போதும் கத்தரிக்காய்தான். அவள் கை சின்னது. நான்கு விரலும் போய் நான்கு பள்ளத்தில் உட்கார்ந்தன, நீங்கள் இறகு என்று சொல்வீர்களே அந்தப் பள்ளங்களில். பெருவிரல் குழியில் இறங்கியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிதுங்கி நின்றதுதான் மூக்கு. சுண்டுவிரல் பக்கம் பிதுங்கினது வால்.

"ஏங்க, இது அன்னமே இல்லங்க" என்றாள். "கை. பசையைத் தடியில அப்பி, அண்ணி தன் கையால இறுக்கிப் பிடிச்சுட்டு, இறுகற வரைக்கும் விடாம வெச்சிருந்திருக்காங்க."

சம்பந்தி, அவர்கள் பறவை செய்யவில்லை. "பிடிச்சுப் பாருங்க, தெரியும்" என்று சொன்னார்களே, அதுதான் விடை. நீங்கள் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டு நடந்தது அவர்கள் கையை. ஒரு ட்யூப் பசை, ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர், அதற்கு இவ்வளவு ஞாபகசக்தியா என்று எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. நகல் என்றாலே திருட்டு என்று நினைத்தவன் நான். நகல் எடுத்திராவிட்டால் அசலில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அந்த வெள்ளைப் பிரதியைப் பஞ்சில் சுற்றிப் பார்சலில் வைத்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். அதே அச்சில் அதே குழாய்ப் பசையை அடைத்து இன்னொரு பிடியும் வார்த்து, ஆணிக்கடைக்காரர் தச்சரிடம் கடைந்து வாங்கித் தந்த புதுத் தடியின் மேல் பொருத்தி, கறுப்பு அடித்துக் கண்ணும் வைத்து, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று இங்கே எங்களிடம் வைத்துக்கொள்கிறோம். உங்களுடைய அசல் தடி, அணுவளவும் மாறாமல், இந்தப் பார்சலில் உங்களிடம் வந்து சேருகிறது. அசலையும் நகலையும் பிரித்தறிவதில் என் கண்ணுக்கு ஒரு குறையும் வந்ததில்லை, கவலை வேண்டாம். கையில் வாங்கினதும் தயவுசெய்து எழுந்து நடங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், மகளுக்கு முத்தங்கள், வீட்டில் பெரியவரான உங்களுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். காலும் கையும் நெடுங்காலம் திடமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: பார்சல் கட்டுவதற்காக இரண்டு தடியையும் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு நூல் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எது அசல், எது நகல் என்று தெரியவில்லை. ஒட்டின இடம் தெரியாத அளவுக்கு நான் ஒட்டித் தொலைத்திருக்கிறேன். பழைய கம்பும் பளிச்சென்று இருக்கட்டும் என்று நுனி வரைக்கும் அதே கறுப்பை அதற்கும் அடித்துவைத்தவனும் நான்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. மூக்கு, வால், கண் எல்லாம் ஒன்றே. வீட்டம்மாவைக் கேட்டால், "நீங்கதானே ஆய்வாளர்" என்கிறாள். தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டு ஒன்றைக் கட்டிவிட்டேன். மேலே அணுவளவும் மாறாமல் என்று எழுதியதை அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். மன்னிக்கவும்.

அண்ணா, வணக்கம். இவர் குளிக்கப் போயிருக்கார், கவரை ஒட்டறதுக்குள்ள நாலு வரி எழுதறேன். தூக்கிப் பார்த்தே எடை சொல்ற ஆய்வாளருக்கு, ரெண்டு தடியையும் கையில தூக்கிப் பார்க்கணும்னு கடைசி வரைக்கும் தோணவே இல்லை. அசலுக்குள்ள பித்தளை முளை இருக்கு, கனக்கும். நகல்ல வெறும் மரம்தான். பார்சல்ல உங்களுக்கு வர்றது நகல். இவர் கட்டினதுக்கப்புறம் நான்தான் பிரிச்சு மாத்தி வெச்சேன். உங்க தடி எங்க பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு, பார்சல்ல எல்லாம் அனுப்ப மாட்டேன். வேணும்னா நீங்களே எழுந்து, இதை ஊன்றி நடந்து வந்து வாங்கிக்கணும். ஊன்றலாம், உறுதியாத்தான் இருக்கு, நான் என் முழு பாரத்தையும் போட்டுப் பார்த்துட்டேன். பயமா இருந்தா பிடிச்சுப் பாருங்க. அச்சு அண்ணியோட கைதானே, விடாது. வரும்போது இவர் குடையை மறந்துடாதீங்க.